ஏழாம் மாதத்தில் எழுதிய தாள்

என் தங்கைக்கு இப்போது ஏழாம் மாதம். வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டுக்குத் தொட்டில் வந்துவிட்டது. பத்தியச் சரக்குக்கு யாழ்ப்பாணத்தில் சொல்லியாகிவிட்டது. அம்மா எந்த ரயிலில் வருவார் என்பதுகூட முடிவாகிவிட்டது. அவளுடைய மனத்துக்கு மட்டும் எவரும் ஆயத்தம் செய்யவில்லை என்று உணர்ந்தபோது, அவளையும் அவள் கணவரையும் இருத்தி வைத்து அந்த ஆயத்தத்தை ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன்.

என் முதற்பிள்ளை பிறந்தபின் நடந்ததே அதற்குக் காரணம். மூன்றாம் வாரத்தில் வீட்டுக்கு வந்த மருத்துவ மாது பிள்ளையையும் என் தையலையும் பார்த்துவிட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். பக்கத்தில் மாமி நின்றார். மாதுவுக்குத் தமிழ் கொஞ்சமே தெரியும். என் அழுகையைச் சிங்களத்தில் விளக்க எனக்கு வராது. "நல்லா இருக்கிறன்" என்றேன். அதன்பின் உதவி கிடைப்பதற்கு நான்கு மாதங்கள் சென்றன.

பிரசவித்த சில நாட்களில் வரும் அழுகையும் படபடப்பும் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடிப்பதைப் 'பிள்ளைபெற்ற களைப்பு' என்று தள்ளிவிடக் கூடாது. மனச்சோர்வு கர்ப்பகாலத்திலேயே தொடங்கவும் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கர்ப்பிணிகளில் ஏறக்குறைய 10 வீதத்தினரும் பிரசவித்தவர்களில் 13 வீதத்தினரும் மனநலப் பாதிப்புக்கு, முக்கியமாக மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர். பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வின் அறிகுறிகளைக் கண்டறிய 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோலின் 10 கேள்விகள் கடந்த ஏழு நாட்களின் மனநிலையை விசாரிக்கின்றன. கடைசிக் கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதை மாமியின் முன்னிலையில் எந்தப் பெண் உண்மையாக நிரப்புவாள்? ஆகவே தனியறையில், தமிழில், கேட்கப்பட வேண்டும் என்பதே எங்கள் தாளின் முதல் வரி.

இரண்டாவது வரி நித்திரை. ஒவ்வோர் இரவும் நான்கு மணித்தியாலமாவது அவள் தொடர்ந்து உறங்க, யார் எந்நேரம் பிள்ளையைப் பார்ப்பது என்று பெயரிட்டு எழுதினோம். தொடக்குக் கழியும்வரை பிள்ளைபெற்றவளைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள். 31ஆம் நாளுக்குப் பின்னர்தான் வீடு வெறிச்சோடும் என்பதால், இரண்டாம், மூன்றாம் மாதங்களுக்கே கூடுதலாக ஆட்களைக் குறித்தோம். முன்பே மனநல மருந்து எடுப்பவர்கள் கர்ப்பம் என்றதும் தாமாக நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் கேட்க வேண்டும் என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கிறேன்.

தாளின் அடியில் அவள் கணவருக்கென்று ஒரு பகுதி உண்டு. ஆயிரத்தில் ஓரிரு பெண்களுக்குப் பிரசவத்தை அடுத்து உறக்கமே இல்லாமல், இல்லாத குரல்கள் கேட்டு, பேச்சுக் குழம்பும் கடும் நோய் வரக்கூடும். அது கோயிலுக்கு நேர்ந்து காத்திருக்கும் விடயமல்ல, அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய அவசரம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தையும் அவரே தம் தொலைபேசியில் பதிந்துகொண்டார்.

அடுத்த கிளினிக்குக்குத் தங்கை அந்தத் தாளைக் கொண்டுபோகிறாள். தமிழ் தெரிந்த ஒருவர் அங்கு இல்லாவிட்டால் மொழிபெயர்க்க நான் கூடப் போவேன். அந்தப் பத்தாவது கேள்வி வரும்போது மட்டும், நான் வெளியே நிற்பதா உள்ளே இருப்பதா என்பதை அவளே சொல்லட்டும்.