பதில் சொல்லும் அவசரம்

அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் கருவிலிருக்கும் உயிருக்காகப் பேசப் பயிற்சிக்கு வரும் கிறிஸ்தவ இளைஞர்களுக்கு ஆர்வம் குறைவாக இருப்பதில்லை. பதில் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம்தான் அவர்களைக் கவிழ்க்கிறது. அதனால் முதல் வாரம் வாதமே வேண்டாம். இரண்டிரண்டு பேராக உட்காரவையுங்கள். ஒருவர் பத்து நிமிடம் கருக்கலைப்பு உரிமையை ஆதரித்துப் பேசட்டும். மற்றவர் கேள்வி மட்டும் கேட்கலாம். பிறகு, கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்ற ஒப்புதல் வரும்வரை விடக்கூடாது.

அடுத்து அடிப்படை வாதம். குற்றமற்ற மனித உயிரை வேண்டுமென்றே அழிப்பது தவறு. கருக்கலைப்பு அதைச் செய்கிறது. ஆகவே அது தவறு. கருவுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடுகள் உருவ அளவு, வளர்ச்சி, இருக்கும் இடம், பிறரைச் சார்ந்திருத்தல் என நான்கு. இவற்றில் எதுவும் ஓர் உயிரைக் கொல்ல நியாயமாகாது என்று விளக்கத் தெரிய வேண்டும். இது ஒரு நாளில் மனப்பாடமாகிவிடும். ஆபத்தும் அங்கேதான்.

"என் உடல், என் உரிமை" என்பவரிடம் பலர் இந்த நான்கையும் ஒப்பிப்பார்கள். அவரோ கரு மனித உயிர் என்று ஒப்புக்கொண்டேகூட அதைச் சொல்லலாம். 1971-இல் வெளியான புகழ்பெற்ற வயலின் கலைஞர் உவமை அப்படிப்பட்டது: உங்களைக் கேட்காமல் நோயாளியான ஒரு வயலின் கலைஞரை உங்கள் சிறுநீரகத்தோடு இணைத்துவிட்டால், ஒன்பது மாதம் படுத்திருக்கக் கடமை உண்டா? இதற்குப் பதில் வேறு. உதவியை நிறுத்துவதும் நேரடியாகக் கொல்வதும் ஒன்றா, பெற்றோர் என்ற பொறுப்பு அந்நியரிடம் உண்டா என்று பேச வேண்டும். வன்புணர்வால் வந்த கர்ப்பம் அந்த உவமைக்கு மிக நெருக்கமானது. அங்கே இந்தப் பதில் கடினமாகிறது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்வதே நேர்மை.

வறுமையைக் காரணம் சொல்பவரிடம், "இதே காரணத்துக்காக இரண்டு வயதுக் குழந்தையைக் கொல்லலாமா?" என்று கேட்பது நல்ல உத்தி. வறுமையின் பாரத்தை முதலில் ஏற்றுக்கொள்ளாமல் கேட்டால் அது பொறியாகத்தான் தெரியும்.

தகவல் பிழை ஒன்று போதும், மீதி எல்லாம் வீண். கர்ப்ப வாரங்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. கருத்தரிப்பு ஏறத்தாழ இரண்டு வாரம் பிந்தியது. இரண்டு கணக்கையும் கலக்கவே கூடாது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2022 ஜூன் 24 தீர்ப்பு நாடு முழுவதும் கருக்கலைப்பைத் தடை செய்யவில்லை. முடிவை மாநிலங்களிடம் விட்டது. கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்துக்கான சிகிச்சையை இந்த விவாதத்துக்குள் இழுப்பவரை அங்கேயே நிறுத்துங்கள்.

வழிகாட்டியாவது தனிக் கலை. பேச்சாளராகத் தேறியவர்கள் இதில் தடுமாறுவார்கள். ஒரு வழிகாட்டிக்கு மூன்று பேருக்கு மேல் தர வேண்டாம். வளாகத்திலிருந்து திரும்பிய அன்றே ஒவ்வோர் உரையாடலையும் கேட்டு, "அவர் உண்மையில் எதற்குப் பயந்தார்?" என்று விசாரிக்க வேண்டும். 1 பேதுரு 3:15 பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. சாந்தத்தோடு என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது.

கேட்பவர்களில் கருக்கலைப்பு செய்துகொண்டவரும் இருக்கலாம், பயிற்சிக் குழுவிலும் இருக்கலாம். அழுகிறவரிடம் வாதம் நிற்க வேண்டும். மருத்துவ ஆலோசனை சொல்லாமல், உரிமம் பெற்ற ஆலோசகரிடம் அனுப்புங்கள். தற்கொலைப் பேச்சு வந்தால் 988 என்ற அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை உடன் இருந்தே அழைக்கச் செய்யுங்கள். அடையாளச் சீட்டின் பின்புறம் அந்த எண்ணை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளட்டும்.