தாளில் ஸ்கேல் நிற்க வேண்டும்

கம்ப்யூட்டரில் பிளான் வரையும் ஆட்டோகேட் மென்பொருளைப் புதிதாகப் பழகும் பிள்ளைகள் பலர் மாடல் ஸ்பேஸிலேயே, அதாவது படம் வரையும் இடத்திலேயே, அடிக்க வேண்டிய பகுதியை விண்டோ பிடித்து, 'ஃபிட் டு பேப்பர்' போட்டு பிரிண்ட் கொடுத்துவிடுகிறார்கள். தாள் நிறைந்துவிடும், ஸ்கேல் (தாளில் உள்ள அளவுக்கும் நிஜ அளவுக்கும் உள்ள விகிதம்) போய்விடும். சைட்டில் மேஸ்திரி அதை வைத்து அளந்தால் வீடு என்ன ஆகும்? எனக்கு இது தாங்கவே முடியாத விஷயம்.

வீட்டை 1:1-ல், மில்லிமீட்டரில் வரையுங்கள். அப்புறம் தாளை அமைக்கும் லேஅவுட்டுக்குப் போய் பேஜ் செட்டப்பில் ஏ3 (420 × 297 மி.மீ.) எடுத்து, பிளாட் (பிரிண்ட்) ஸ்கேலையும் 1:1 என்றே வையுங்கள். 1:100 என்பதை வியூபோர்ட்டுக்குத்தான், அதாவது லேஅவுட்டில் படத்தைக் காட்டும் ஜன்னலுக்குத்தான், கொடுக்க வேண்டும். 12 மீட்டர் சுவர் தாளில் சரியாக 12 செ.மீ. வரும்.

ஸ்கேல் வைத்த கையோடு வியூபோர்ட்டை லாக் செய்துவிடுங்கள். உள்ளே நின்றபடி மவுஸ் சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டினாலே ஸ்கேல் மாறிவிடும். பார்த்தால் தெரியவே தெரியாது. வியூபோர்ட் கட்டத்தைத் தனி லேயரில் (அடுக்கில்) வைத்து அதற்கு பிளாட்டை அணைத்துவிட்டால் கோடு தாளில் விழாது.

இன்னொன்று. ஏ1-க்கு 1:50-ல் அமைத்த ஷீட்டை ஏ3-யில் சுருக்கி அடித்தால் அது 1:100 ஆகிவிடும். அதனால் ஓரத்தில் ஒரு ஸ்கேல் பார் (மீட்டர் அளவு குறித்த பட்டை) வரைந்து வையுங்கள். எந்தத் தாளில் அடித்தாலும் படத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கும்.