டைஃபாய்டு கிட் ஒன்றின் துல்லியத்தை அளந்து பார்த்தோம்

நுண்ணுயிரியல் முதுகலை மாணவனாக இருந்தபோது, டைஃபாய்டுக்கான விரைவுச் சோதனை கிட் ஒன்றை மதிப்பிடும் ஆய்வில் முதல் படிவம் தயாரிப்பதில் இருந்து கடைசி அறிக்கை வரை வேலை பார்த்தேன். இதே மாதிரி வேலையில் இறங்கப் போகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். கிட்டோடு செலவான நேரம் குறைவு. யாரைச் சோதிப்பது, யாருக்கு உண்மையிலேயே டைஃபாய்டு என்று ஒப்புக்கொள்வது, இந்த இரண்டு கேள்விகள்தான் எங்கள் உழைப்பில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டன.

யாரைச் சோதிப்பது என்பதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. கல்ச்சரில், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில், டைஃபாய்டு உறுதியானவர்களின் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) உறைபெட்டியில் இருக்கும். ரத்ததானம் செய்ய வந்த ஆரோக்கியமானவர்களின் சீரமும் கிடைக்கும். இரண்டையும் எடுத்துக் கிட்டில் ஓட்டினால் வேலை சீக்கிரம் முடியும், எண்களும் பிரமாதமாக வரும். எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் இதைக் கேட்டதுமே வேண்டாம் என்றார். காய்ச்சலோடு வருபவரைப் பார்க்கும் மருத்துவருக்கு, இவர் டைஃபாய்டு நோயாளியா ஆரோக்கியமானவரா என்ற சந்தேகமே வராது. டைஃபாய்டா, மலேரியாவா, டெங்குவா, எலிக்காய்ச்சலா என்பதுதான் குழப்பம். கிட் தடுமாறக்கூடிய அந்த இடத்தையே விட்டுவிட்டு அதற்கு மதிப்பெண் போட முடியாது. துல்லிய ஆய்வுகளின் தரத்தை எடைபோட 2011-இல் வந்த குவாடாஸ்-2 கருவியும் முதலில் நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த விதத்தைத்தான் கேட்கிறது.

எனவே மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் இருப்பவர்களை வருகிற வரிசையிலேயே, ஒருவரையும் விடாமல் கேட்டு, சம்மதித்தவர்களைச் சேர்ப்பது என்று முடிவானது. இது காகிதத்தில் எளிது. இரவில் வருபவர்களையும் விடுமுறை நாளில் வருபவர்களையும் சேர்க்க ஆள் வேண்டும். பகல் நேர நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு 'வரிசையாகச் சேர்த்தோம்' என்று எழுதுவது நியாயமில்லை.

இன்னொரு தொல்லை எண்ணிக்கை. வருகிற 100 காய்ச்சல்காரர்களில் 10 பேருக்கு டைஃபாய்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்ச்சர் அதில் 6 பேரைத்தான் காட்டிக்கொடுக்கும் (ஏன் என்று பின்னால் சொல்கிறேன்). கல்ச்சர் பாசிட்டிவ் 40 பேர் தேவையென்றால், 650 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருக்கும். அந்த 40-இல் கிட் 34 பேரைப் பிடித்தால் சென்சிடிவிட்டி, அதாவது நோய் உள்ளவர்களைப் பிடிக்கும் திறன், 85 சதவீதம் என்று சொல்லலாம். ஆனால் அதன் 95 சதவீத நம்பக இடைவெளி, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய எல்லை, ஏறக்குறைய 71 முதல் 93 வரை நீளும். இடைவெளியைப் போடாமல் 85 என்று மட்டும் எழுதும் அறிக்கைகளை நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை.

சோதனை நடத்துவதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிட்டைப் படிப்பவருக்குக் கல்ச்சர் முடிவு தெரியாது, கல்ச்சர் பார்ப்பவருக்குக் கிட் முடிவு தெரியாது. மங்கலான கோடுதான் தகராறு. ஒருவருக்குக் கோடாகத் தெரிவது இன்னொருவருக்கு வெறும் நிழல். அதனால் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்தார்கள். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர் பார்ப்பார் என்றும், கிட் வேலை செய்தது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடே வராதவற்றைத் தனியாக எண்ணி அறிக்கையில் காட்டுவோம் என்றும் முன்கூட்டியே எழுதி வைத்தோம். ஒப்பிடுவதற்காகச் செய்த விடால் சோதனைக்கும் இதே கதைதான். டைஃபாய்டுக்கான பழைய ரத்தச் சோதனை அது; சீரத்தை எத்தனை மடங்கு நீர்க்கச் செய்தும் பாசிட்டிவ் வருகிறது என்று பார்ப்பார்கள். 1:80-ஐப் பாசிட்டிவ் என்பதா, 1:160-ஐ என்பதா? தரவைப் பார்த்த பிறகு எல்லையை முடிவு செய்தால், 1896-இல் வந்த அந்தச் சோதனையைக்கூட அழகாகக் காட்டிவிடலாம்.

சரி, இப்போது இரண்டாவது கேள்வி. எதை வைத்து அளப்பது? எல்லோரும் சொல்வது ரத்த கல்ச்சர். அதில் சால்மோனெல்லா டைஃபி வளர்ந்தால் நோய் உறுதி, அதில் சந்தேகமில்லை. வளராவிட்டால்தான் சிக்கல். டைஃபாய்டு நோயாளியின் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு ஒரு கிருமி இருந்தாலே பெரிது. குழந்தைகளிடம் அதிக ரத்தம் எடுக்க முடியாது. வருவதற்கு முன்பே பலர் ஆன்டிபயாடிக் விழுங்கியிருப்பார்கள். மொத்தத்தில் 100 நோயாளிகளில் சுமார் 60 பேரைத்தான் கல்ச்சர் பிடிக்கிறது. எலும்பு மஜ்ஜை கல்ச்சர் இதைவிட எவ்வளவோ மேல், ஆனால் காய்ச்சல் என்று வந்த எல்லோருடைய எலும்பிலும் ஊசி குத்த முடியுமா?

அடிக்கோலே குட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்று ஒருநாள் கரும்பலகையில் கணக்குப் போட்டோம். 1000 பேர், அதில் உண்மையான டைஃபாய்டு 100. தவறே செய்யாத கிட் ஒன்று இருப்பதாகக் கற்பனை. அது சரியாக 100 பேரைப் பாசிட்டிவ் என்கிறது. கல்ச்சர் 60 பேரை மட்டும் ஒப்புக்கொள்கிறது. மிச்சம் 40 பேர் கிட்டின் தவறான பாசிட்டிவாகக் கணக்கில் விழுகிறார்கள். குறையே இல்லாத கிட்டின் ஸ்பெசிஃபிசிட்டி, அதாவது நோய் இல்லாதவர்களைச் சரியாக நெகட்டிவ் என்று சொல்லும் திறன், 95.7 சதவீதம் என்று வருகிறது. அதன் பாசிட்டிவ்களில் பத்துக்கு நான்கு பொய் என்றும் நாமே எழுதிவிடுவோம்.

இதைப் பார்த்ததும் குழுவில் ஒருவர், கிட் பாசிட்டிவ், கல்ச்சர் நெகட்டிவ் என்று முரண்பட்ட மாதிரிகளை மட்டும் பிசிஆரில் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) மறுபடி ஓட்டலாம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மறுசோதனையால் கிட்டின் மதிப்பெண் ஏறலாம், இறங்க வழியே இல்லை. கிட்டும் கல்ச்சரும் சேர்ந்தே தவறவிட்டவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லையே! நல்லவேளை, அது கைவிடப்பட்டது.

நாங்கள் எடுத்த வழி, உள்ளுறை வகுப்புப் பகுப்பாய்வு. எந்தச் சோதனையையும் முழு உண்மை என்று ஏற்காமல், எல்லாவற்றின் முடிவுகளையும் சேர்த்து வைத்து, உண்மையான நோயாளிகள் எத்தனை பேர் என்று கணிக்கும் முறை. ஹுய், வால்டர் இருவரும் 1980-இல் வெளியிட்ட கட்டுரையில் இருந்து இந்த முறை பரவலானது. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. சோதனைகள் ஒன்றையொன்று சாராமல் தவறு செய்யும் என்று அடிப்படை முறை எடுத்துக்கொள்கிறது. எங்கள் கிட்டும் விடாலும் கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடல் உருவாக்கும் ஆன்டிபாடியைத்தான் தேடுகின்றன. பழைய தொற்றின் ஆன்டிபாடி மிச்சமிருந்தால் இரண்டும் சேர்ந்தே ஏமாறும். அவை இரண்டும் ஒத்துப்போவதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டால் கணக்கு கெட்டுவிடும். இந்தச் சார்பையும் கணக்குக்குள் சேர்க்கப் புள்ளியியலாளர் ஒருவர் உதவினார். அவர் இல்லாமல் நாங்கள் கரையேறியிருக்க மாட்டோம். அப்புறமும் விடை எந்த அனுமானத்தை வைக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் அசைந்தது.

அறிக்கையில் கல்ச்சரை வைத்து ஓர் அட்டவணை, பகுப்பாய்வை வைத்து இன்னோர் அட்டவணை என்று பக்கத்தில் பக்கத்தில் கொடுத்தோம். துல்லிய ஆய்வுகளின் அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்டார்ட் 2015 வழிகாட்டி கேட்கிறபடி, எத்தனை பேர் வந்தார்கள், எங்கே யார் விடுபட்டார்கள் என்ற வரைபடமும் போட்டோம். முன்கணிப்பு மதிப்புகளை, அதாவது கிட் சொன்ன பாசிட்டிவிலும் நெகட்டிவிலும் எவ்வளவு உண்மை என்பதை, தனியாக விளக்கினோம், ஏனென்றால் மருத்துவர்கள் கேட்பது அதைத்தான். சென்சிடிவிட்டி 85, ஸ்பெசிஃபிசிட்டி 90 என்று ஒரு கிட் இருந்தால், 100 பேரில் 10 பேருக்கு டைஃபாய்டு உள்ள இடத்தில் அதன் பாசிட்டிவ்களில் பாதிகூட உண்மையில்லை. 100-க்கு 2 பேர் மட்டுமே என்றால் ஏழில் ஒன்றுதான் தேறும்.

மதிப்பாய்வாளர் திருப்பிக் கேட்டது பெரும்பாலும் ஆன்டிபயாடிக் பற்றி: முன்பே மாத்திரை எடுத்தவர்களைத் தனியாகப் பிரித்தால் எண்கள் எப்படி மாறுகின்றன? சேர்க்கும் படிவத்திலேயே அந்தக் கேள்வி இருந்ததால் பிரித்துக் கொடுக்க முடிந்தது. படிவம் தயாரிக்கும்போது மாத்திரையின் பெயருக்கும், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதற்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். வெறும் 'ஆம், இல்லை' போதாது.