கோர் மட்டும் போதாது

பேராதனையில் புவிச்சரிதவியல் படிக்கும் தம்பி தங்கைகளே, நிலத்தைத் துளையிட்டு எடுத்த கோரை (உருளை வடிவப் பாறைத் துண்டை) மட்டும் பார்த்து முடிவு சொல்லிவிடாதீர்கள். கனடாவின் சட்பரி போன்ற நிக்கல் சல்பைட் (கந்தகத்தோடு சேர்ந்த தாது) படிவுகளில் அந்தத் துளைக்குள்ளேயே கருவியை இறக்கி கடத்துதிறன், காந்த ஏற்புத்திறன் (பாறை எவ்வளவு எளிதில் காந்தமாகும் என்பது), அடர்த்தி எல்லாவற்றையும் விடாமல் அளந்துகொண்டே போகலாம். ஆனால் கடத்துதிறன் எகிறியதும் நிக்கல் கிடைத்துவிட்டது என்று துள்ளக்கூடாது. பைரோடைட் என்ற இரும்புச் சல்பைட்டும் நன்றாகவே மின்சாரம் கடத்தும், நிக்கலோ பெரும்பாலும் பென்ட்லண்டைட் என்ற இரும்பு-நிக்கல் சல்பைட்டில்தான் இருக்கிறது. சல்பைட் எவ்வளவு என்பதை அடர்த்தி சொல்லும் (நம் மலையகத்துச் சானொக்கைட் பாறை கன சென்டிமீட்டருக்கு சுமார் 2.7 கிராம், பைரோடைட் 4.6). நிக்கல் வீதத்துக்கு ஆய்வுகூடம்தான். எனக்கு மிகவும் பிடித்தது மின்காந்த அளவீடு: தரையில் பெரிய கம்பி வளையம், துளைக்குள் உணர்வி, அவ்வளவுதான், துளை தவறவிட்ட தாது பல பத்து மீட்டர் தள்ளிக் கிடந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும், அப்புறம் அடுத்த துளையை எந்தப் பக்கம் போடுவது என்று தடுமாற வேண்டியதில்லை.