ரெண்டு பிரேக்கும் ஒரு கொக்கியும்

பதினெட்டு வருஷம் மஸ்கட்டில் வேனும் பிக்கப்பும் ஓட்டியவன் நான். அதனால் குமரி மாவட்டம் திருவட்டாறு பக்கத்தில் இருக்கும் எங்கள் விளைக்கு, அதாவது தோப்புக்கு, 24 குதிரைத்திறன் சின்ன டிராக்டர் ஒன்றை வாங்கியபோது, அதை ஓட்டப் படிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. புது வண்டி என்றால் வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் உண்டு. நான் வாங்கியது பழையது, ஃபோர் வீல் டிரைவ்.

விளை ஒன்றரை ஏக்கர், மூன்று தட்டு. தட்டுக்குத் தட்டு மண்ணைத் தாங்கி நிற்கும் ஆளுயரக் கய்யாலைச் சுவர். மேலே தென்னையும் ஏத்தன் வாழையும், கடைசித் தட்டில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு. பெரிய டிராக்டர் திரும்ப இடமில்லை. மண்வெட்டி பிடிக்க ஆளும் கிடைப்பதில்லை.

சொல்லித்தந்தது பக்கத்து விளை மாமா. நாஞ்சில்நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு சாகுபடிக்கும் டிராக்டர் ஓட்டியே பிள்ளைகளைக் கரையேற்றியவர். முதல் நாள் சாரத்தை (லுங்கியை) மடித்துக் கட்டிக்கொண்டு சீட்டில் ஏறப் போனேன்.

"மக்களே, எறங்கு. போய் பேன்ட் போட்டுட்டு வா."

பின்னால் இருந்த பி.டி.ஓ. ஷாஃப்டைக் காட்டினார். எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொண்டுபோகும் தண்டு அது. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. சாரத்தின் தும்பு அதில் பட்டால் போதும், கையை எடுப்பதற்குள் ஆளையே சுருட்டிவிடும்.

அன்று முழுக்க ரோட்டவேட்டர், அதாவது சுழலும் பிளேடுகளால் மண்ணைக் கிளறும் கருவி, மாட்டும் வேலைதான். வண்டியை அதற்கு நேராகப் பின்னால் எடுத்து நிறுத்துவதற்குள் மதியம் ஆகிவிட்டது. டிராக்டரின் பின்னால் நீளும் இரண்டு இரும்புக் கைகளில் முதலில் இடது கை, அப்புறம் வலது கை, பிறகு மேலே மாட்டும் டாப் லிங்க். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கடைசியாக ஷாஃப்ட். ஏற்றி இறக்கித் திருகும் கைப்பிடி வலது கையில் இருப்பதால், இடதை முதலில் மாட்டிவிட்டால் மிச்சக் கோணலை அதில் சரிக்கட்டலாம்.

கார்க்காரனைக் கவிழ்ப்பது பிரேக்தான். வலது காலுக்கு இரண்டு பெடல், ஒன்று இடது பின்சக்கரத்துக்கு, இன்னொன்று வலதுக்கு. வரிசை முடிந்ததும் ரோட்டவேட்டரைத் தூக்கி, உள்பக்கப் பிரேக்கை மட்டும் அழுத்தினால் வண்டி அப்படியே வட்டமடித்துத் திரும்பிவிடும். தென்னைக்குத் தென்னை 25 அடி உள்ள இடத்தில் இது பெரிய வரம். ஆனால் ரோட்டிலும் சரிவிலும் இரண்டு பெடலையும் சேர்த்துக் கொக்கி போட்டுவிட வேண்டும்.

மூன்றாம் நாள் மேல்தட்டை முடித்துவிட்டுச் சரிவில் இறங்கினேன். காலையில் பெய்த மழையில் செம்மண் வழுக்கியது. கொக்கி போடவில்லை. வேகம் கூடுகிறதே என்று பிரேக்கை மிதித்தேன், கால் வலது பெடலில் மட்டும் பட்டது. வண்டி கய்யாலை விளிம்பைப் பார்த்துத் திரும்பியது. பதற்றத்தில் கிளச்சையும் மிதித்துவிட்டேன். எஞ்சின் பிடித்துக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சப் பிடியும் போய்விட்டது.

"கிளச்ச விடு! ரோட்டவேட்டர தாழ்த்து!"

நெம்புகோலைக் கீழே தள்ளினேன். ரோட்டவேட்டர் தொப்பென்று மண்ணில் விழுந்து இழுபட்டது, வண்டி நின்றது. இறங்கிப் பார்த்தேன். முன்சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு தேங்காய்க் கதம்பை கிடந்தது. இன்னொன்று போட இடமில்லை.

மாமா திட்டவில்லை. கொக்கியைப் போட வைத்து, லோ ஃபர்ஸ்ட் கியரில், கிளச்சைத் தொடாமல் அதே சரிவில் ஏழு தடவை இறங்க வைத்தார். ஏறுவது ரிவர்ஸில். பின்னால் கனம் தொங்கும்போது முன்னோக்கி ஏறினால் முன்சக்கரம் தூக்கிவிடுமாம். நான்காவது தடவைக்கு அப்புறம்தான் கால் நடுங்குவது நின்றது.

மற்றதெல்லாம் போகப்போகப் பழகியது. தென்னை மூட்டிலிருந்து ஆறடிக்குள் ரோட்டவேட்டரைக் கொண்டுபோவதில்லை, வேர் அறுந்துவிடும். ஒருநாள் யாரோ ஆடு கட்டிப்போட்ட நைலான் கயிறு பிளேடுகளில் சுற்றி, உராய்ந்த சூட்டில் உருகிக் கட்டியாகிவிட்டது. எஞ்சினை நிறுத்திச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, ரோட்டவேட்டருக்கு அடியில் தடிமுட்டுக் கொடுத்து, வெட்டுக்கத்தியால் கொத்திக் கொத்தி எடுக்க ஒன்றரை மணி நேரம். இப்போது உழுவதற்கு முன்னால் விளையை ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுகிறேன்.

கீழ்த்தட்டுக்கு மழைக்காலத்தில் வண்டியை இறக்குவதில்லை. மரச்சீனிக்கு இந்த வருஷமும் மண்வெட்டிதான்.