விளிம்பில் எழுதியிருந்தது

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு வரலாறு கற்பித்த சேர் ஒருநாள் புத்தகம் இல்லாமல் வந்தார். சட்டைப் பையிலிருந்து இரண்டு ஐந்து சதக் குற்றிகளை எடுத்து முன்வாங்கில் வைத்தார். அது 1978ஆம் ஆண்டு. முனை மழுங்கிய அந்தச் சதுரக் காசு எங்கள் எல்லோருடைய காற்சட்டைப் பையிலும் கிடந்ததுதான்.

"இரண்டும் ஒன்றா, வேறா?"

"ஒன்றுதான் சேர்" என்றோம்.

"பார்த்துச் சொல்லவேண்டாம். வாசித்துச் சொல்லுங்கள்."

கைமாறிக் கைமாறிக் குற்றிகள் கடைசி வாங்கிலிருந்த என்னிடம் வந்தன. ஒன்றில் 1971, மற்றதில் 1975. தமிழில் இரண்டிலும் 'இலங்கை' என்றே இருந்தது. ஆங்கிலத்திலோ ஒன்றில் 'சிலோன்', மற்றதில் 'ஸ்ரீ லங்கா'. நான் அதைச் சொன்னதும் சேர் கரும்பலகையில் 1972 என்று எழுதினார். நாடு குடியரசான கதையை அந்த ஐந்து சதத்திலிருந்தே தொடங்கி மணியடிக்கும்வரை சொன்னார். போகும்போது அந்த 1971 குற்றியை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். அது இப்போதும் என்னிடம் இருக்கிறது.

1987இன் இறுதியில் லண்டன் வந்தேன். நம்மவர் பலரைப்போல எனக்கும் முதல் வேலை பெற்றோல் நிலையத்தில் இரவு முறை. ஒரு பவுண் தாள்கள் இன்னும் புழக்கத்தில் இருந்தன. அடுத்த மார்ச்சில் அவை செல்லாமற் போயின. அதன்பின் காசுப்பெட்டியில் எங்கும் பவுண் குற்றிகள்தான். பித்தளை நிறம், கையில் கனம், ஒன்பதரைக் கிராம். விடியற்காலை இரண்டு மணிக்கு வாகனங்கள் குறைந்ததும் அவற்றை இருபது இருபதாக அடுக்குவேன். அப்படி அடுக்கிய ஓர் இரவில், ஒரு குற்றியின் பின்புறத்தில் லீக்ஸ் செடியைக் கண்டேன். ஊரில் கறிக்கு வெட்டிய அதே லீக்ஸ், கிரீடத்துக்குள் நிமிர்ந்து நின்றது! அடுத்ததில் முட்செடி. அதற்கடுத்ததில் ஓக் மரம். சேர் பக்கத்தில் நின்று "வாசி" என்று சொன்னதுபோல் இருந்தது.

வாசித்தேன். 1983இல் இந்தக் குற்றி அறிமுகமானபோது அதில் அரச இலச்சினை இருந்தது. பிறகு ஆண்டுக்கொரு நாடாக, ஸ்கொட்லாந்துக்கு முட்செடி, வேல்ஸுக்கு லீக்ஸ், வட அயர்லாந்துக்கு ஆளிச்செடி, இங்கிலாந்துக்கு ஓக். 1988இல் மட்டும் கிரீடம் சூடிய ஒரு கேடயம். 1994 முதல் சிங்கமும் பறவைநாகமும் கெல்ற்றியச் சிலுவையும் மூன்று சிங்கங்களும். 2004 முதல் நான்கு ஆண்டுகள் நான்கு பாலங்கள். என்னைக் கேட்டால் அந்தப் பாலங்களே இந்த வரிசையின் சிகரம். ஃபோர்த் ரயில் பாலத்தின் இரும்புச் சட்டங்களை இவ்வளவு சிறிய வட்டத்துக்குள் கொண்டுவந்த கை சாதாரணக் கை அல்ல. புதிதாக ஒன்று கிடைத்தால் என் பையிலிருந்து ஒரு பவுணைப் பெட்டியில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வேன். கணக்கு ஒரு பென்னிகூடப் பிசகியதில்லை.

ஆனால் படத்தைவிட என்னைப் பிடித்து வைத்திருந்தது விளிம்பு. மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள அந்த ஓரத்தில் எழுத்துகள் ஓடுகின்றன. ஆங்கிலக் குற்றியில் 'டெக்குஸ் எற் ருற்றாமென்'. வேர்ஜில் என்ற இலத்தீன் கவிஞரின் காவியத்திலிருந்து எடுத்த தொடர். 'அணியும் காவலும்' என்று பொருள். பதினேழாம் நூற்றாண்டில் வெள்ளிக் காசுகளின் ஓரத்தைச் சுரண்டித் திருடியவர்களைத் தடுக்க விளிம்பில் இதைப் பொறித்தார்கள். எழுத்தே அழகு, எழுத்தே வேலி. ஸ்கொட்லாந்துக் குற்றியில் 'என்னைத் தீண்டியவன் தண்டனையின்றித் தப்பான்' என்ற இலத்தீன் வாசகம். வேல்ஸ் குற்றியில் அந்நாட்டுத் தேசிய கீதத்தின் ஓர் அடி, வேல்ஸ் மொழியிலேயே. சிறிய மொழி ஒன்று எல்லோருடைய பைக்குள்ளும் புகுந்து நாடெங்கும் நடப்பதைப் பார்க்க, தமிழனான எனக்கு நெஞ்சு நிறைந்தது.

இந்த வாசிப்பு ஒருமுறை என்னைக் காப்பாற்றவும் செய்தது. வங்கிக்கு அனுப்பிய பொதியிலிருந்து போலிக் குற்றிகள் திரும்பி வந்தன. நட்டத்தை என் சம்பளத்தில் கழித்தார்கள். அன்றிரவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பின்புறத்தில் ஸ்கொட்லாந்தின் முட்செடி, விளிம்பிலோ இங்கிலாந்தின் வாசகம்! போலி அடித்தவன் படத்தைப் பார்த்திருக்கிறான், ஓரத்தை வாசிக்கவில்லை. அதன்பின் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு போலியும் வங்கிக்குப் போகவில்லை. 2014 அளவில் புழக்கத்திலிருந்த பவுண் குற்றிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று போலி என்றார்கள். அதனால்தான் 2017 மார்ச்சில் பன்னிரண்டு பக்கக் குற்றி வந்தது. அவ்வாண்டு ஒக்ரோபர் 15ஆம் திகதியோடு வட்டக் குற்றி கடைகளில் செல்லாமற் போனது.

1998, 1999 குற்றிகளைப் பல ஆண்டுகள் தேடினேன். அவை புழக்கத்துக்கு விடப்படவே இல்லை, சேகரிப்போருக்கான தொகுதிகளில் மட்டுமே அடங்கின என்று பின்னர்தான் அறிந்தேன். அவற்றை நான் விலைக்கு வாங்கவில்லை. எவரோ ஒருவர் கையிலிருந்து என் கைக்கு வந்தது மட்டுமே என் கோவையில் இருக்கவேண்டும் என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட சட்டம்.

அந்தச் சட்டத்தால் ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. 2010இலும் 2011இலும் நான்கு தலைநகரங்களின் சின்னங்கள் வந்தன. லண்டன், பெல்பாஸ்ற், கார்டிஃப் மூன்றும் கிடைத்துவிட்டன. எடின்பரோ மட்டும் இல்லை. அது அடிக்கப்பட்டதே 9,35,000 தான். புழக்கத்துக்கு விட்ட வட்டக் குற்றிகளில் மிகக் குறைவு.

நம் சங்கத்தில் எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் வாழும் நண்பர்கள் இருக்கிறீர்கள். பழைய கோட்டுப் பையிலோ, பிள்ளைகளின் உண்டியலிலோ, கோட்டைப் படம் போட்ட 2011 பவுண் ஒன்று இருந்தால் அடுத்த ஒன்றுகூடலுக்குக் கொண்டுவாருங்கள். மாற்றாக 1985ஆம் ஆண்டு லீக்ஸ் குற்றி ஒன்று தருகிறேன். என்னிடம் இரண்டு உண்டு. சேர் தந்த ஐந்து சதத்தையும் கொண்டுவருவேன். அதன் இரு பக்கத்தையும் நீங்கள் வாசியுங்கள். உங்கள் குற்றியின் விளிம்பை நான் வாசிக்கிறேன்.