குண்டு பல்பும் ஓம் விதியும்

இன்று ஒரு குண்டு பல்பை மல்டிமீட்டரில் (மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை அளக்கும் கருவி) வைத்தபோது மின்தடை 65 ஓம் காட்டியது. பல்பின் தலையில் அச்சிட்டிருப்பதோ 230 வோல்ட், 60 வாட்.

கணக்குப் போட்டால் இடிக்கிறது.

திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம்: 60 ÷ 230 = 0.26 ஆம்பியர். ஓம் விதிப்படி, மின்னழுத்தத்தை அந்த மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை: சுமார் 882 ஓம்.

882 எங்கே, 65 எங்கே!

இரண்டும் சரிதான். மீட்டர் அளந்தது குளிர்ந்த இழையை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகி, மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். அதனால்தான் சுவிட்சைப் போட்ட அந்த நொடியில் 3 ஆம்பியருக்கு மேல் பாய்கிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் அப்போதுதான் உயிரை விடும்.

இஸ்திரிப் பெட்டியின் நிக்ரோம் கம்பி அப்படியல்ல, சூட்டில் சில சதவீதமே மாறும். 1000 வாட் பெட்டிக்குக் கணக்கில் 53 ஓம். மீட்டரிலும் ஏறக்குறைய அதுவே வரும். மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்கு இறங்கினால் திறன் 756 வாட்தான், ஏனென்றால் அது மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு குறைகிறது.

மோட்டாருக்கு இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள். அங்கே வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது வாட் அல்ல, வோல்ட்-ஆம்பியர். வாட் வேண்டுமென்றால் திறன் காரணியாலும் (வோல்ட்-ஆம்பியரில் உண்மையான திறனாகும் பங்கு) பெருக்க வேண்டும்.

ஓம் அளக்கும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மீட்டரின் ஆம்பியர் துளையில் கம்பி செருகியிருக்கும்போது மின்னழுத்தம் அளக்கப் போகவே போகாதீர்கள். அது நேரடி ஷார்ட் சர்க்யூட்.